டெஸ்டரோடு கிட்டார் வாங்கப் போனேன்

கிட்டார் கடைக்குப் போகிறவர்கள் மீட்டிப் பார்ப்பார்கள். நான் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன்.

வீட்டில் கரண்ட் போனால் தேடுவோமே, பிடிக்குள்ளே குட்டி பல்பு வைத்த ஸ்க்ரூ டிரைவர், அதேதான். கைப்பையில் கர்ச்சீப்பில் சுற்றிக் கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் வேறு கேபிள் எடுக்க உள்ளே போனார். ஆம்ப்ளிஃபயரில் சொருகிய நைலான் கிட்டார் என் மடியில் இருந்தது. டெஸ்டரை எடுத்துக் கம்பிகளில் வைக்கப் போனபோதுதான் கவனித்தேன். கீழ்ப்பக்கம் மூன்று கம்பி வெள்ளையாக, மீன்வலைத் தங்கூஸ் மாதிரி இருந்தன. மேலே மூன்றும் பளபளவென்று இருந்தன. நகத்தால் சுரண்டினேன். உலோகச் சுற்று.

நைலான் என்றார்களே, முழுக்க நைலான் இல்லையா இது?

ஏசி அறை. அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தது. டெஸ்டரின் முனையை முதல் தடித்த கம்பியில் வைத்து, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தொட வேண்டும். தொட முடியவில்லை. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"மேடம், என்ன பண்றீங்க?"

கடைக்காரர் திரும்பி வந்து நிற்கிறார். புதுக் கிட்டாரை ஸ்க்ரூ டிரைவரால் குத்தும் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அவர் மேல் தப்பே இல்லை.

சாவிக்கொத்து

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காசிமேட்டில் கடலுக்குப் போகிற வீட்டுப் பெண். பக்கத்து சர்ச் கொயரில் சும்மா வேடிக்கை பார்க்கப் போய்க் கிட்டார் கற்றுக்கொண்டேன். தண்டையார்பேட்டையில் மைக் செட் வைத்திருக்கும் கோபியைக் கட்டிக்கொண்டேன். டேனியல் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார், கோபி சவுண்டு. பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

கடைக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்னால் திருவொற்றியூர் பக்கம் ஒரு அம்மன் கோயில் கச்சேரி. எங்கள் ஏரியாவில் தெருக் கச்சேரி எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மேடை அம்மனைப் பார்த்துத்தான் போடுவார்கள். அம்மன் எதிரே செருப்போடு நிற்கக் கூடாது. குழுவில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் யாராக இருந்தாலும் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். யாரும் சொல்லிச் செய்வதில்லை, கால் தானாகக் கழற்றும். அன்றைக்குத் தூசி பறக்குதென்று மேடை விரிப்பில் வேறு தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.

ஈர விரிப்பில் வெறுங்காலோடு நின்றேன். கையில் இரும்புக் கம்பி போட்ட எலெக்ட்ரிக் கிட்டார். எங்கள் பாடகி கஸ்தூரிக்கு இரண்டாம் குரல் கொடுக்க மைக் பக்கம் குனிந்தேன். உதடு மைக்கில் பட்டது.

பட்டதுதான் தெரியும். வாயில் யாரோ செங்கல்லால் அடித்த மாதிரி இருந்தது. அடுத்து நினைவு வரும்போது முகமெல்லாம் சோடா, தலை கோபியின் மடியில். கை விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி இறுகியிருந்தன. கூட்டத்தில் ஒரு அம்மா ஓடிவந்து என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். வலிப்பு வந்தவர்கள் கையில் இரும்பு கொடுப்பார்கள், தெரியுமில்லையா? நல்ல மனசோடுதான் கொடுத்தார். அந்தச் சாவிக்கொத்துதான் எனக்கு வினையாகப் போயிற்று.

"காலைலேந்து இன்னா துன்ன?" என்று கோபி கேட்டார்.

எனக்கு நன்றாகத் தெரியும், அடித்தது கரண்ட். சுற்றிலும் விழாக் கமிட்டிக்காரர்கள் நிற்கிறார்கள். ஷாக் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த மைக் செட்டை அதற்கப்புறம் எந்தத் தெருவும் கூப்பிடாது. கோபியின் அப்பா தலையில் ஹார்ன் ஸ்பீக்கர் சுமந்து கட்டிய தொழில். அரை நினைவிலும் இதெல்லாம் எனக்கு ஓடியது பாருங்கள்.

"ஒண்ணும் சாப்பிடல" என்றேன். மத்தியானம் மீன் குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டவள்.

வதந்திக்குக் கால்

மயக்கம் என்று சொன்னது ஒரே வாரத்தில் வலிப்பு ஆகிவிட்டது. சாவிக்கொத்தை நூறு பேர் பார்த்திருக்கிறார்களே. டேனியல் அண்ணன் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததுக்கும் இல்லை. போன் பண்ணினால், ரெஸ்ட் எடும்மா, உடம்புதான் முக்கியம் என்று தேனாகப் பேசினார். என் இடத்தில் மாதவரத்திலிருந்து ஒருத்தரை வைத்து ஓட்டுகிறார் என்று கஸ்தூரி சொன்னாள்.

வீட்டில் கோபி பீட்ரூட் வாங்கி வந்தார். ஈரல் வாங்கி வந்தார். ரத்தம் ஊற டானிக் வாங்கி வந்தார். கூடவே, மேடையெல்லாம் போதும், வூட்டோட இரு என்றும் சொன்னார். மூன்று மாதம் ஈரல் தின்று ஈரலைக் கண்டாலே ஓடும்படி ஆகிவிட்டது.

உண்மையான வியாதி வேறு. என் பழைய கிட்டாரைத் தொட முடியவில்லை. எதிலும் சொருகாமல் கட்டில் மேல் சும்மா கிடக்கிற கிட்டார். கம்பி அருகே விரல் போனதும் உதடு மரத்துப் போகும். வெட்கமாக இருந்தது. கடற்கரைக்காரி, புயலில் ஓட்டுக் கூரை பறந்ததைச் சிரித்துக்கொண்டே பார்த்தவள், ஆறு கம்பிக்குப் பயந்து கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நேராக எழுதிவிடுகிறேன். அந்த மூன்று மாதமும் கோபி அதே செட்டோடு வேறு வேறு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த மைக் முன்னால் கஸ்தூரி வெறுங்காலோடு நின்று பாடிக்கொண்டிருந்தாள். புருஷன் பெயர் கெடக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது தப்பு.

நைலான் என்று ஒரு சாக்கு

நைலானில் கரண்ட் பாயாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தங்கூஸ் வலைக்கு நடுவே வளர்ந்தவள் நான். டேனியல் அண்ணனிடம் போய், விரல் வலிக்குது, இனிமேல் நைலான் கம்பி கிட்டார்தான் வாசிப்பேன், மெலடிக்கு அதுதான் சுகம் என்று பெரிய சங்கீதக்காரி மாதிரி பேசினேன்.

அவர் சிரித்தார். தெரு மேடையில் ஒரு பக்கம் டிரம்ஸ், ஒரு பக்கம் தவில், நடுவில் நைலான் கிட்டார் யாருக்குக் கேக்கும் என்றார். பிறகு கெடு வைத்தார். ஆடி மாதம் நெட்டுக்குப்பம் கச்சேரி. அங்கே கடைசி வரிசைக்குக் கேட்கிற நைலான் கிட்டாரோடு வந்து, விழாமல் வாசித்துக் காட்டினால் என் இடம் எனக்கு. இல்லையென்றால் மாதவரத்துக்காரர்தான் நிரந்தரம்.

முதலில் சிக்கனமாக முடிக்கப் பார்த்தேன். கொயரில் ஒரு பழைய நைலான் கிட்டார் கிடந்தது, மேல் கம்பியெல்லாம் அறுந்து கீழ் மூன்று வெள்ளைக் கம்பிதான் மிச்சம். கடைத்தெருவில் ஒரு பிக்கப் வாங்கி அதன் நடுவிலிருக்கும் வட்ட வாயில் மாட்டினேன். பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் சாமான். மீட்டினேன். சத்தமே இல்லை. வால்யூமை முழுக்க வைத்தேன், உஸ் என்று காற்றுதான் வந்தது. விற்றவரிடம் போய்க் கேட்டால், அது காந்தப் பிக்கப்பாம், இரும்புக் கம்பியைத்தான் வாங்குமாம். நைலானுக்கு, கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் அதிர்வை வாங்குகிற வேறு வகை வேண்டுமாம். இத்தனை வருஷம் மைக் செட்காரர் பெண்டாட்டியாக இருந்து இதுகூடத் தெரியவில்லை எனக்கு.

அதற்கப்புறம்தான் பாரிமுனைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, அந்த ஏசி கடைக்குப் போனேன்.

இரண்டு கிட்டார்

டெஸ்டரைப் பார்த்த கடைக்காரர் கோபப்படவில்லை. நாற்பது வயதுக்குள் இருக்கும். தாடி, விரலில் நீள நகம், அவரும் வாசிக்கிறவர்தான். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஷாக் வாங்கியிருக்கீங்களா மேடம்?"

மூன்று மாதத்தில் என்னை இந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தலையை ஆட்டினேன். எங்கே, யார் செட் என்று அவர் கேட்கவில்லை.

டெஸ்டரை வாங்கி அவரே கம்பி கம்பியாக வைத்துக் காட்டினார். பல்பு எரியவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளை உள்ளே ஒரு வயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு இணைத்திருப்பார்களாம். லைன் கோளாறானால் அது நேரே கைக்கு வரும். இதில் அந்த இணைப்பே இல்லை. மேல் கம்பியில் உலோகம் இருந்தாலும் அது மரத்தில் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கேபிள் சொருகும் இடத்தை மட்டும் தொடாதீர்கள் என்றார்.

அதற்கப்புறம்தான் வாசிக்கவே ஆரம்பித்தேன். முதல் கிட்டார் தடித்த உடம்பு, நடுவில் வட்ட வாய். என்ன நாதம் தெரியுமா! கம்பிகளைச் சேர்த்து மீட்டி ஒரு கார்ட் போட்டேன், அறை முழுக்க நிறைந்தது. அதையே கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் நான் மைக் செட் வீட்டுக்காரி. ஆம்ப்ளிஃபயரை முழுக்க வையுங்கள் என்று சொல்லி அதற்கு முன்னாலேயே போய் நின்றேன். மேடையில் அப்படித்தானே நிற்கப் போகிறோம். கிட்டாரின் வயிறு என் வயிற்றோடு சேர்ந்து நடுங்கியது. கம்பியைத் தொடாமலே ஊ என்று ஊளையிட ஆரம்பித்தது. வாய்க்கு ரப்பர் மூடி போட்டுப் பார்த்தார். ஊளை குறைந்தது, நிற்கவில்லை.

இரண்டாவது ஒல்லிக் கிட்டார். இரண்டு விரல் தடிமன்தான், வாயே கிடையாது. கேபிள் இல்லாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. சொருகினால் கொஞ்சம் வறட்டுச் சத்தம். ஆனால் ஆம்ப்ளிஃபயர் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் ஊளை இல்லை. கழுத்தும் ஒடுக்கம், என் குட்டை விரலுக்குத் தோது. உங்கள் மேடையில் ஹார்ன் ஸ்பீக்கர்தானே என்று கேட்டார். கிட்டாரின் பக்கவாட்டில் இருந்த திருகுகளைக் காட்டி, பேஸைக் குறைத்து நடுச் சத்தத்தை ஏற்றுங்கள், ஹார்னில் அதுதான் தூரம் போகும் என்று சொல்லிக் கொடுத்தார். உள்ளே பேட்டரி இருக்கிறது, இன்னொன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், புதுக் கம்பி இழுபடும், நாலு நாள் சுருதி நிற்காது, முன்கூட்டியே மாட்டிப் பழக்குங்கள் என்றார்.

மனசு தடித்ததைக் கேட்டது. நான் ஒல்லியை எடுத்தேன். மேடைக்கு நாதம் மட்டும் போதாது.

உறையில் போட்டுக் கொடுக்கும்போது சொன்னார்: "கிட்டார மாத்தினா நீங்க தப்பிச்சுப்பீங்க மேடம். மைக்கப் பிடிச்சுட்டுப் பாடறவங்க?"

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வழியில் எதையும் பார்க்கவில்லை. கஸ்தூரி முகமே வந்து வந்து போனது.

நெட்டுக்குப்பம்

கச்சேரி அன்று மூன்று மணிக்கே போய்விட்டேன். கழிமுகத்துப் பக்கமிருந்து சேற்று வாடை. அனல்மின் நிலையப் புகைபோக்கிக்குக் கீழே சாமியானா, அம்மனைப் பார்த்து மேடை. பெண்கள் கூழ் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து இரண்டு பேர் குசுகுசுத்தார்கள், அதில் ஒருத்தி கையில் சாவி ஆட்டுகிற மாதிரி ஜாடை காட்டினாள். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கஸ்தூரி நிற்பதற்கு முன்னால் நான் மைக்கை டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். பல்பு எரிந்தால் அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். கோபியின் பிழைப்பு போனாலும் போகட்டும். வீட்டில் என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

கஸ்தூரி கீழே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இரு என்று அவளை நிறுத்திவிட்டு நான் மட்டும் ஏறினேன். செருப்பைக் கழற்றவில்லை, அம்மன் மன்னிக்கட்டும். டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்தேன். கட்டைவிரல் கடையில் நின்ற மாதிரியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டேன்.

எரியவில்லை.

டெஸ்டர் கெட்டுப்போயிருக்குமோ என்று பிளக் ஓட்டையில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. மறுபடி மைக்கில் வைத்தேன், இல்லை. ஆம்ப்ளிஃபயர் மூடியில் இல்லை. பேஸ் கிட்டார்க்காரரின் இரும்புக் கம்பிகளில் ஒவ்வொன்றாக வைத்தேன், எதிலும் இல்லை.

சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பதினாறு வருஷமாக அந்தச் செட்டின் வயரை நானும் சுருட்டியிருக்கிறேன். எல்லாம் இரண்டு முள் பிளக். கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த் என்று ஒன்று அதில் இருந்ததே இல்லை. இப்போது ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்து ஒரு பச்சை வயர் புதிதாகப் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் இறங்கினேன்.

மணலில் ஆள் உயர இரும்புக் கம்பியை முக்கால்வாசி அடித்து இறக்கி, அதன் தலையில் பச்சை வயரைச் சுற்றியிருந்தார்கள். கோபி குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பக்கெட்டிலிருந்து கடல் தண்ணீரை அதைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் ஊறினால் எர்த் நன்றாகப் பிடிக்கும். கம்பியின் தலை சம்மட்டி பட்டுப் பட்டுப் பூவாக மடிந்திருந்தது. ஒரு நாள் அடித்த அடி இல்லை அது.

"இது எப்பலேந்து?" என்றேன்.

"எப்பவும் போடறதுதான."

"யோவ். என் மூஞ்சப் பாத்து சொல்லு."

பார்க்கவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்தார். தண்ணீர் மணலில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உன் கைலேந்து கிட்டார புடுங்குனேன் பாரு," என்றார். "அப்பவே எனுக்கும் அடிச்சுது."

அப்படியென்றால் முதல் நொடியிலிருந்தே தெரியும். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்ன தின்றாய் என்று கேட்கும்போதே தெரியும். அந்த அம்மா சாவிக்கொத்தைத் திணிக்கும்போது தெரியும். பீட்ரூட் வாங்கும்போதும், ஈரல் வாங்கும்போதும், வூட்டோட இரு என்று சொல்லும்போதும் தெரியும். கஸ்தூரிக்கு எதுவும் ஆகக் கூடாதென்று அடுத்த கச்சேரியிலிருந்தே கம்பி அடித்திருக்கிறார். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. நான் பொய் சொன்னது அவருக்காக. அவர் பொய் சொன்னதும் அவருக்காகவே. வலிப்புக்காரி என்ற பட்டம் மட்டும் என் தலையில்.

"சொல்லிர்லாம்னுதான் இருந்தேன்மே. நீயே சாப்டலன்னு சொல்ட்ட. அப்பால எப்டி சொல்றது?"

"மூணு மாசம்யா," என்றேன்.

மேடையிலிருந்து டேனியல் அண்ணன் கோபியைக் கூப்பிட்டார், சவுண்டு பார்க்க வேண்டும், மைக்குக்கு வா என்று. கோபி எழுந்து கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனார். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினார். வழக்கமாக அவர் மேடையிலேயே ஏறுவதில்லை, கீழே பெட்டி பக்கம் நின்றுதான் ஹலோ சொல்வார். அன்றைக்கு ஏறி, வெறுங்காலோடு நின்று, மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

ஹலோ, ஹலோ என்றார். ஒன்று இரண்டு எண்ணுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். எண்ணவில்லை.

"திருவொத்தியூர் கச்சேரில என் சம்சாரம் மயக்கம் போட்டு வுழல," என்றார். "வலிப்பும் கெடையாது. என் செட்டுல எர்த்து இல்ல, ஷாக் அடிச்சுது. தெரிஞ்சும் நான் கம்முனு இருந்துட்டேன்."

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஹார்ன் அத்தனையும் அதைச் சொல்லின. கூழ் அண்டா பக்கம் பெண்கள் திரும்பினார்கள். கழிமுகத்தில் படகை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கஸ்தூரி ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலுமாக நின்றாள். டேனியல் அண்ணன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை.

விழாக் கமிட்டித் தலைவர் வேகமாக வந்தார். "இன்னாப்பா கோபி, இந்த மைக்கு மட்டும் யோக்கியமா?"

எனக்குத் தெரியும், நான் இப்போது வாய் திறக்காவிட்டால் செட்டை அப்போதே கழற்றச் சொல்வார்கள், அந்தக் கடற்கரையில் இனி யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஒரு நிமிஷம் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன், தோன்றியது.

"நான் எல்லாத்தையும் டெஸ்டர் வெச்சு பாத்துட்டேண்ணே," என்றேன். "கரண்ட் இல்ல. நானே பாடறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஒல்லிக் கிட்டாரை மாட்டிக்கொண்டேன். கோபி இறங்கிப் பெட்டி பக்கம் போனார். கடைக்காரர் சொன்ன மாதிரி பேஸைக் குறைத்து முதல் கார்டைப் போட்டேன். டிரம்ஸ் சேர்ந்தது, தவில் சேர்ந்தது, கிட்டார் உள்ளே அமுங்கிப் போனது. கடைசி வரிசையில் நின்ற டேனியல் அண்ணனின் மச்சான் கேட்கவில்லை என்று கையை ஆட்டினார்.

குனிந்தேன். உதடு மைக்கில் படுகிற அளவுக்குக் குனிந்தேன்.

"மைக் செட்டு, கிட்டார ஏத்து," என்றேன்.

ஏற்றினார். கடைசி வரிசை வரைக்கும் போனது. அன்றைக்கு வீடு வந்து சேரும் வரை நான் என் புருஷனோடு பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.